ஓர் ஆல்பம்... ஒரு கதை! - ஆல்மன் பிரதர்ஸ் கிட்டாரிஸ்ட் டிக்கி பெட்ஸின் தனி ஆவர்த்தனம்

1973-ம் ஆண்டு, ஜூலை 28. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் வாட்கின்ஸ் கிளென் என்ற சிறிய ஊர். அங்குள்ள கார் பந்தய மைதானத்தில் அன்று திரண்ட கூட்டம் சுமார் 6 லட்சம் பேர். மேடை ஏறியதோ மூன்றே மூன்று இசைக்குழுக்கள். அவற்றில் ஒன்று, ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட்டுக்கு அப்போது வயது 29. பெயர், டிக்கி பெட்ஸ்.

அடுத்த மாதமே அந்தக் குழுவின் புதிய ஆல்பம் 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' வெளியானது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடம். அதில் பெட்ஸ் எழுதிப் பாடிய 'ராம்ப்ளின் மேன்', தனிப்பாடல்களின் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது.

இவ்வளவு உயரத்தில் நிற்கும் ஒரு கிட்டாரிஸ்ட், குழுவை விட்டுத் தள்ளி நின்று தனியாக ஓர் ஆல்பம் போட்டால் எப்படி இருக்கும்? பாட்டுக்குப் பாட்டு அவர் கிட்டார்தான் முன்னால் நிற்கும். 'குழுவே நான்தான்' என்று காட்டிக்கொள்வார். அப்படித்தானே நினைப்போம்?

1974 ஆகஸ்ட்டில் வெளியான பெட்ஸின் முதல் தனி ஆல்பம் 'ஹைவே கால்' அப்படி இல்லை. மொத்தமே ஆறு பாடல்கள்தான். இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால், இரண்டாவது பக்கம் முழுக்கப் பாட்டே கிடையாது. அங்கே முன்னால் வந்து நிற்பது ஒரு பிடில். அதை வாசிப்பவர், பெட்ஸைவிட 15 வயது மூத்த ஒரு கிராமியக் கலைஞர். ராக் நட்சத்திரம் பக்கத்தில் நின்று கூட வாசிக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தார் அவர்? பதில் தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு கிட்டார், இரண்டு டிரம்ஸ், ஒரே வீடு

ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் உருவானது 1969-ல், ஃபுளோரிடா மாகாணத்தின் ஜாக்சன்வில் நகரில். டுவேன் ஆல்மன் அண்ணன், கிரெக் ஆல்மன் தம்பி. டுவேன் கிட்டார் வாசிப்பார். கிரெக் பாடுவார், ஆர்கன் வாசிப்பார். அவர்களோடு இன்னொரு கிட்டாருக்கு டிக்கி பெட்ஸ், பேஸ் கிட்டாருக்கு பெர்ரி ஓக்லி, டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸ், ஜேமோ என இரண்டு பேர். சில வாரங்களிலேயே ஜார்ஜியா மாகாணத்தின் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அங்கேதான் இருந்தது.

ஆறு பேரில் ஜேமோ கறுப்பினத்தவர். இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், பொது இடங்களில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தே அப்போது ஐந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதுவும் இது தெற்கு. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக மேடை ஏறுவது அந்த ஊர்களில் சாதாரணக் காட்சி அல்ல.

அவர்களின் இசையும் அப்படித்தான். கறுப்பின மக்களின் ப்ளூஸ், ஜாஸ், தெற்கத்திக் கிராமங்களின் கன்ட்ரி, தேவாலயத்தின் காஸ்பல் எல்லாம் அதில் கலந்திருந்தன. பின்னாளில் அதற்கு 'சதர்ன் ராக்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழுவின் முத்திரை, இரண்டு கிட்டார்கள். வழக்கமாக ஒருவர் முன்னணியில் வாசிப்பார், மற்றவர் பின்னால் தாங்கிப் பிடிப்பார். இங்கே டுவேனும் பெட்ஸும் ஒரே மெட்டை இரண்டு சுருதிகளில், சேர்ந்து வாசித்தார்கள். இரட்டை நாகஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுகம் உடனே பிடிபடும். 1971 ஜூலையில் வந்த 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' என்ற நேரடிக் கச்சேரிப் பதிவு, அவர்களை அமெரிக்கா முழுக்கக் கொண்டு சேர்த்தது.

அதன் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது.

நாற்காலி காலியானது

1971 அக்டோபர் 29. மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் ஆல்மன் இறந்துபோனார். வயது 24. புகழ் தேடி வந்து விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில மாதங்கள்தான் ஓடியிருந்தன.

அடுத்த வருடம், நவம்பர் 11. அதே மேக்கன் நகரில், டுவேன் விழுந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, இன்னொரு மோட்டார் சைக்கிள் விபத்து. இந்த முறை பெர்ரி ஓக்லி. அவருக்கும் வயது 24தான். ஆல்மன் சகோதரர்களைச் சந்திக்கும் முன்பே பெட்ஸோடு வேறொரு குழுவில் சேர்ந்து வாசித்த நண்பர் அவர்.

இரண்டு பேரையும் மேக்கனில் உள்ள ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஒருகாலத்தில் குழுவினர் பொழுதுபோக்கச் சென்று உட்காரும் அமைதியான இடம் அது. அங்கே ஒரு கல்லறையில் பார்த்த பெண்ணின் பெயரைத்தான் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' என்று தன் மெட்டு ஒன்றுக்கு வைத்திருந்தார் பெட்ஸ். இப்போது அதே தோட்டத்தில் நண்பர்களின் பெயர்களும்.

டுவேன் போன பிறகு அந்த இடத்துக்கு இன்னொரு கிட்டாரிஸ்ட்டைக் குழு தேடவில்லை. பெட்ஸ் ஒருவரே கிட்டாரைச் சுமக்க வேண்டியிருந்தது. டுவேன் விரலில் கண்ணாடிக் குப்பியை மாட்டிக்கொண்டு வாசித்த ஸ்லைடு பகுதிகளையும் அவரே வாசித்தார். பின்னர் குழுவில் சேர்ந்தவர், சக் லெவெல் என்ற இளம் பியானோ கலைஞர். இறந்தவரின் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்காமல், பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார்கள்!

ஆனாலும் ஒரு பாரம் பெட்ஸின் தோளில் ஏறிவிட்டது. பெயர் ஆல்மன் பிரதர்ஸ். பாடுபவர் கிரெக் ஆல்மன். ஆனால் மெட்டு போடவும், மேடையில் குழுவை நடத்திச் செல்லவும் எல்லோரும் பார்த்தது பெட்ஸை. எந்த மேடையில் ஏறினாலும் இல்லாதவரின் நிழலோடு சேர்த்துத்தான் அவரை அளந்தார்கள்.

தவழ்ந்து வந்த மெட்டு

அந்த நாள்களில் பெட்ஸ் போட்ட இரண்டு மெட்டுகளைச் சொன்னால், அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது புரியும்.

ஒன்று, 'ஜெசிகா'. ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞருக்குத் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்துவிட்டன. மீதி இரண்டு விரல்களால் வாசித்தே உலகப் புகழ் பெற்றார் அவர். அவருக்கு மரியாதை செய்ய, இரண்டே விரல்களால் வாசிக்கும்படி ஒரு மெட்டு போட முயன்றார் பெட்ஸ். மெட்டு சரியாக அமையவில்லை. அப்போது அவரின் கைக்குழந்தை ஜெசிகா அறைக்குள் வந்து, இசைக்கு ஏற்றபடி துள்ள ஆரம்பித்தாள். அந்தத் துள்ளலை அப்படியே கிட்டாரில் பிடிக்கப் பார்த்தார். மெட்டு அமைந்துவிட்டது. மகள் பெயரையே வைத்துவிட்டார். பிரிட்டனின் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சியின் முகப்பு இசையாக உலகம் முழுக்கப் பலர் கேட்டது இந்த 'ஜெசிகா'வைத்தான்.

இன்னொன்று, 'ராம்ப்ளின் மேன்'. 'இது ரொம்ப கன்ட்ரி பாட்டு மாதிரி இருக்கே' என்று குழுவுக்குள்ளேயே முதலில் தயங்கினார்கள். கடைசியில் குழுவின் மிகப் பெரிய வெற்றிப் பாடலாக அதுவே அமைந்தது. அதை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது பாடகி ஷெரின் பாட்டு. அதே ஷெர், 1975-ல் கிரெக் ஆல்மனைத் திருமணம் செய்துகொண்டது தனிக் கதை.

'ரொம்ப கன்ட்ரி' என்ற அந்தத் தயக்கம்தான் இங்கே முக்கியம். ப்ளூஸில் ஊறிய குழுவில் பெட்ஸ் மட்டும் வேறொரு வீட்டிலிருந்து வந்தவர். ஃபுளோரிடாவில் பிடில் வாசிக்கும் அப்பாவுக்கு மகனாகப் பிறந்து, ஐந்து வயதில் உக்குலேலே என்ற குட்டி கிட்டாரைக் கையில் எடுத்தவர். பிறகு மாண்டலின், பாஞ்சோ. அதற்கெல்லாம் பிறகுதான் கிட்டார். 16 வயதில் ஒரு சர்க்கஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார். அவர் காதில் முதலில் விழுந்தது ப்ளூகிராஸ். டிரம்ஸ் இல்லாமல் பிடில், பாஞ்சோ, மாண்டலின், கிட்டார் என நரம்புக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேகம் வேகமாக வாசிக்கும் கிராமத்து இசை.

அந்த இசைக்குத் தன் குழுவில் முழு இடம் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

டிக்கி அல்ல... ரிச்சர்ட்!

தனி ஆல்பம் போடும் வழியை முதலில் திறந்தவர் கிரெக். 1973 அக்டோபரில் அவரின் 'லெய்ட் பேக்' வந்தது. குழுவின் அதிரடியிலிருந்து விலகிய, அமைதியான, சோகம் படிந்த ஆல்பம். அடுத்த வருடம் பெரிய வாத்தியக் குழுவோடு தனியாகச் சுற்றுப்பயணமும் போனார்.

அடுத்து பெட்ஸ். அதே மேக்கன் நகரம். அதே கேப்ரிகார்ன் ஸ்டுடியோ. கிரெக்கின் ஆல்பத்தில் பணியாற்றிய அதே ஜானி சாண்ட்லின்தான் இங்கேயும் பெட்ஸோடு சேர்ந்த தயாரிப்பாளர். வெளியேறிப் போய் வேறு கம்பெனியில் செய்த காரியம் அல்ல இது. வீட்டுக்குள்ளேயே தனி அறையில் உட்கார்ந்து செய்ததுதான்.

ஆனால், பெயரை மாற்றிக்கொண்டார். உலகத்துக்குத் தெரிந்த 'டிக்கி' இதில் இல்லை. 'ரிச்சர்ட் பெட்ஸ்' என்று போட்டுக்கொண்டார். அவரின் முழுப்பெயர் ஃபாரஸ்ட் ரிச்சர்ட் பெட்ஸ். வியாபாரமாக யோசித்தால் இது புத்திசாலித்தனமே இல்லை. 6 லட்சம் பேருக்குத் தெரிந்த பெயரை விட்டுவிட்டுப் பிறப்புச் சான்றிதழ் பெயரையா போடுவது? ஆனால் ஆல்பத்தைக் கேட்டால், அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று தோன்றும்.

முதல் பக்கம்: பாடும் ரிச்சர்ட்

முதல் பக்கத்தில் நான்கு பாடல்கள். 'லாங் டைம் கான்', 'ரெயின்', 'ஹைவே கால்', 'லெட் நேச்சர் சிங்'. நான்குமே பெட்ஸ் எழுதியவை. ஊர் சுற்றியே காலம் கழிந்துபோனதன் ஏக்கம், மழை, நெடுஞ்சாலை, இயற்கை... தலைப்புகளே சொல்லிவிடுகின்றன.

பெட்ஸின் குரல் கிரெக்கின் குரல் மாதிரி அடிவயிற்றிலிருந்து கிளம்பும் கனத்த குரல் அல்ல. கொஞ்சம் மெலிந்த, திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போன்ற குரல். அந்தக் குரலுக்குத் துணையாக அவர் அழைத்து வந்தவர்களைப் பாருங்கள். பின்னணி பாட, ராம்போஸ் என்ற காஸ்பல் குழு. கணவன், மனைவி, மகள் என ஒரு குடும்பம்! ஞாயிறு ஆராதனைகளிலும் ஜெபக் கூட்டங்களிலும் பாடுகிறவர்களை ஒரு ராக் ஆல்பத்துக்கு அழைத்து வந்தார்.

பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஜான் ஹியூயி. கன்ட்ரி பாடகர் கான்வே டிவிட்டியிடம் நெடுங்காலம் வாசித்தவர். மேஜை மாதிரி எதிரில் வைத்து, நரம்பின் மேல் இரும்புத் துண்டை இழுத்து, காலால் பெடலை மிதித்து வாசிக்கும் கருவி அது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். தலைப்புப் பாடலில் அதைக் கேட்கும்போது தூரத்தில் ஒரு லாரி மெள்ள மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். பியானோவுக்கு, தன் குழுவிலிருந்தே சக் லெவெலை அழைத்துக்கொண்டார்.

இரண்டாம் பக்கம்: பேசாத ரிச்சர்ட்

தட்டைத் திருப்பினால், இரண்டே இரண்டு உருப்படிகள். முதலாவது 'ஹேண்ட் பிக்ட்'. 14 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. பாட்டு கிடையாது, இசை மட்டும்.

14 நிமிட வாத்திய இசை என்பது ஆல்மன் பிரதர்ஸ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. மேடையில் அவர்கள் அரை மணி நேரம்கூட ஒரே மெட்டை வாசிப்பார்கள். ஆனால், அங்கே மின்சார கிட்டாரும் இரட்டை டிரம்ஸும் இடி இடிக்கும். இங்கே பிடில், பாஞ்சோ, மாண்டலின், டோப்ரோ, பியானோ, பெடல் ஸ்டீல், கிட்டார் எல்லாம் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சுற்று பேசுகின்றன. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டிச் சொல்லி, அடுத்தவர் கையில் கொடுக்கிறார். ஆல்பம் போட்டவரும் அந்த வட்டத்தில் ஒருவர். அவ்வளவுதான்.

'தனி ஆவர்த்தனம்' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். பேச்சு வழக்கில், கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பியவரைப் பார்த்து 'அவர் தனி ஆவர்த்தனம் பண்றார்' என்போம். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும். ஆனால் கச்சேரியில் அதற்குப் பொருளே வேறு. மேடையின் நடுவில் இருக்கும் பாடகர் நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் நேரம் கொடுப்பதுதான் தனி. கையால் தாளம் போட்டபடி அவர் ரசித்துக் கேட்பார். பெட்ஸ் செய்தது இந்த இரண்டாவது வகைத் தனி ஆவர்த்தனம்!

யார் அந்த பிடில்காரர்?

நம் கச்சேரிகளில் வயலினைப் பெரியவர்கள் பிடில் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கக் கிராமங்களிலும் அதற்கு அதே பெயர்தான். கருவியும் ஒன்றுதான். ஆல்பத்தில் அதை வாசித்தவர் வாசர் கிளெமென்ட்ஸ். பெட்ஸைப் போலவே ஃபுளோரிடாவில் வளர்ந்தவர். 1928-ல் பிறந்தவர். சிறு வயதில் தானாகவே பிடில் கற்றுக்கொண்டார். ஸ்வரக் குறிப்பு எழுதிப் படிக்கத் தெரியாது. இருபதுகளின் தொடக்கத்திலேயே ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோவின் குழுவில் வாசித்தார்.

இவ்வளவு திறமை இருந்தும் இசை மட்டும் சோறு போடவில்லை. இடையில் பல வருடங்கள் கிடைத்த வேலையையெல்லாம் பார்த்தார். கென்னடி விண்வெளி மையத்தில் பிளம்பர் வேலை, காகித ஆலையில் வேலை, இன்ஷூரன்ஸ் பிடிப்பது, உருளைக்கிழங்கு சிப்ஸ் வியாபாரம்... பட்டியல் நீளம். 1960-களின் முடிவில்தான் மறுபடி முழுநேர இசைக்குத் திரும்பினார். 1972-ல் வந்த 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' என்ற கூட்டு ஆல்பத்தில் அவர் வாசித்த பிடில், முதன்முறையாக இளைஞர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைய அமெரிக்காவில் ராக் கேட்கும் நீள முடி இளைஞர்களும், கன்ட்ரி கேட்கும் அவர்களின் அப்பாக்களும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். வியட்நாம் போரிலிருந்து முடிவெட்டு வரை எல்லாவற்றிலும் சண்டை. ராக் இளைஞர்கள் கொண்டாடும் நட்சத்திரம் ஒருவர், அப்பாக்களின் பிடிலை நடுவில் உட்கார வைத்தது இசையில் மட்டும் நடந்த விஷயம் அல்ல.

ஆல்பத்தின் கடைசி உருப்படி 'கிஸிமீ கிட்'. கிஸிமீ, ஃபுளோரிடாவில் கிளெமென்ட்ஸ் வளர்ந்த ஊர். 'கிஸிமீ பையன்' என்பது அவரேதான். மெட்டும் அவர் போட்டதே. தன் முதல் ஆல்பத்தின் கடைசி வார்த்தையை இன்னொருவரின் மெட்டுக்கு விட்டுக்கொடுத்து முடித்தார் பெட்ஸ்.

ஆல்பமா குழுவைப் பிரித்தது?

'ஹைவே கால்' விற்பனைப் பட்டியலில் 19-ம் இடம் வரை வந்தது. ஒரு ராக் கிட்டாரிஸ்ட்டின் பிடில் ஆல்பத்துக்கு இது நல்ல வரவேற்புதான். ஆனால், குழுவுக்கு அந்த வருடங்கள் நல்ல காலமாக இல்லை.

1975-ல் வந்த 'வின், லூஸ் ஆர் டிரா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, எல்லோரும் ஒன்றாக ஸ்டுடியோவில் இருந்த நாள்களே குறைவு. கிரெக் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். குழுவுக்குள் மது, போதைப் பழக்கம் முற்றியிருந்தது. 1976-ல் குழுவுக்காக வேலை பார்த்தவர் மீதான போதைப்பொருள் வழக்கில் கிரெக் அரசுத் தரப்பு சாட்சியாக நின்றார். மற்றவர்கள் அதைத் துரோகமாகப் பார்த்தார்கள். குழு உடைந்தது.

'தனித்தனியாக ஆல்பம் போட்டதால்தான் பிரிந்தார்கள்' என்று சொல்வது சுலபம். குடும்பத்தில் ஒருவர் தனக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டால், வீட்டில் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் அதையே காரணம் காட்டுவதில்லையா, அது மாதிரி. ஆனால், 'ஹைவே கால்' ஆல்பத்தில் விரிசலின் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. யாரையும் குத்திக்காட்டும் பாட்டு இல்லை. குழுவைவிட நான் பெரியவன் என்ற குரல் இல்லை. குழுவை உடைத்தது போதையும், பேசித் தீர்க்காத மனக்கசப்பும், முழுதாக அழுது முடிக்காத இரண்டு மரணங்களும்தான்.

பெட்ஸும் குறையில்லாத மனிதர் அல்ல. குடியும் கோபமும் அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தின. உடைந்த குழு 1978-ல் சேர்ந்து, 1982-ல் பிரிந்து, 1989-ல் மறுபடி சேர்ந்தது. 1995-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம், அடுத்த வருடம் 'ஜெசிகா'வின் மேடைப் பதிவுக்கு கிராமி விருது என்று எல்லாம் வந்தது. ஆனால் 2000-ம் ஆண்டில், 'இந்தச் சுற்றுப்பயணத்துக்கு நீங்கள் வேண்டாம்' என்று குழுவிலிருந்து அவருக்கு ஒரு ஃபேக்ஸ் போனது. 31 வருட உறவு அந்தக் காகிதத்தோடு முடிந்தது. அதன் பிறகு அவர் அந்தக் குழுவோடு சேர்ந்து வாசிக்கவே இல்லை.

பிள்ளைகள் சேர்ந்தார்கள்

2017 மே மாதம் கிரெக் ஆல்மன் காலமானார். அதற்கு முன்பு இருவரும் பேசிக்கொண்டார்கள் என்பதும், மேக்கனில் நடந்த இறுதிச் சடங்குக்கு பெட்ஸ் வந்து நின்றார் என்பதும்தான் ஆறுதல். டுவேனும் பெர்ரியும் இருக்கும் அதே ரோஸ் ஹில்லில்தான் கிரெக்கையும் அடக்கம் செய்தார்கள்.

2024 ஏப்ரல் 18 அன்று, ஃபுளோரிடாவில் உள்ள தன் வீட்டில் டிக்கி பெட்ஸும் மறைந்தார். வயது 80.

அவர் தன் மகனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? டுவேன். இறந்துபோன நண்பரின் பெயர். டுவேன் பெட்ஸும் இன்று பெயர் சொல்லும் கிட்டாரிஸ்ட். அவரும், கிரெக்கின் மகன் டெவன் ஆல்மனும், பெர்ரி ஓக்லியின் மகனும் சேர்ந்து ஆல்மன் பெட்ஸ் பேண்ட் என்று குழு தொடங்கி, 2019-ல் முதல் ஆல்பமும் வெளியிட்டார்கள். அப்பாக்களால் முடியாமல் போனதைப் பிள்ளைகள் செய்தார்கள்.

எப்படிக் கேட்பது?

இந்த இசைக்குப் புதியவர் என்றால், முதலில் 'ஜெசிகா'வைக் கேளுங்கள். பிறகு 'ராம்ப்ளின் மேன்'. பெட்ஸின் கை உங்களுக்குப் பழகிவிடும். அதன் பிறகு 'ஹைவே கால்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல். கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவசரம் இல்லாத நேரத்தில், 'ஹேண்ட் பிக்ட்'. மாண்டலினும் பிடிலும் நமக்குப் பழகிய கருவிகள்தான். வேறொரு ஊரில் அவை என்ன பேசிக்கொள்கின்றன என்று கேட்கும் சுவாரஸ்யம் தனி.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்த 14 நிமிடங்களில் பெட்ஸின் கிட்டார் ஒரு சுற்று வந்து, தன் பங்கைச் சொல்லிவிட்டு, வழிவிடும். அடுத்து பிடில் வரும். முன்னால் வந்து நிற்க எல்லா உரிமையும் இருந்த ஒருவர், நாடே தன்னைத் திரும்பிப் பார்த்த வருடத்தில், அப்பாவின் வீட்டுக் கூடத்தில் கேட்ட இசைக்குத் திரும்பிப் போய், அந்த வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்துகொண்டார்.

அந்த இடத்தில் அவர் டிக்கியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. ரிச்சர்டாக இருந்தால் போதும்.